இனாம் பந்து

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நான் வேலூரில் மிஷன் காலேஜில் இண்டர்மீடியட் வாசித்துக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில் ஆரம்பித்திருந்த சமயம். வேலூர் வெயிலைப் பற்றி அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலில் உட்கார்ந்திருந்தாலே மண்டை காயும். அந்த வெயிலில், செம்மண் தரையில், ஒரு பந்துக்குப் பின்னால் மனுஷன் ஓடுவானா? நாங்கள் ஓடினோம்.

அந்த விளையாட்டுக்குப் பேர் 'பாஸ்கெட் பால்'. எங்கள் காலேஜ் பாதிரியார் துரை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. மைதானத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, தலைக்கு மேலே ஒரு பலகையும் அதில் ஒரு இரும்பு வளையமும் மாட்டியிருக்கும். எதிராளியின் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பக்கத்துக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. நாலு எட்டு ஓடினால் நெஞ்சு விசில் அடிக்கும். பின்னே எதற்கு என்னைச் சேர்த்தார்கள்? அதற்குத்தான் வருகிறேன்.

எதிராளி நம்மைத் தள்ளினாலோ கையைத் தட்டினாலோ அது ஃபவுல். ரெஃப்ரீ விசில் ஊதி நமக்கு ஒரு பந்து தருவார். வளையத்துக்கு எதிரே ஒரு கோடு போட்டிருக்கும். அதில் நின்றுகொண்டு, யாரும் கிட்டே வராமல், நிதானமாகக் குறி பார்த்துப் போடலாம். விழுந்தால் ஒரு பாயிண்ட். இங்கிலீஷில் அதற்கு 'ஃப்ரீ த்ரோ' என்று பேர். எங்கள் காப்டன் ஆம்பூர் தோல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் உருது, எங்களோடு தமிழ். நல்ல மனசு, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அவன் முதல் நாளே அதற்கு 'இனாம்' என்று பேர் வைத்துவிட்டான். ஃப்ரீ என்றால் சும்மா கிடைப்பது, சும்மா கிடைப்பது இனாம். சரியாகத்தானே இருக்கிறது என்று நாங்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம். அந்த ஒரு வார்த்தை என்ன பண்ணும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்துச் சட்டப்படி யார் மேல் ஃபவுல் ஆனாலும், டீமில் எவன் வேண்டுமானாலும் கோட்டில் போய் நின்று போடலாம். அது என் வேலை. ஓட முடியாதவன் நின்றாவது போடட்டும் என்று விட்டார்கள். சாயங்காலம் மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு நான் மட்டும் கோட்டில் நின்று போட்டுப் பழகுவேன். பந்து தோல் பந்து. பூட்ஸுக்குப் போடுகிற மாதிரி கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருக்கும். கயிறு பக்கவாட்டில் இருந்தால் பந்து கோணிக்கொண்டு போகும். அதனால் கயிறு மேலே வருகிற மாதிரி திருப்பிப் பிடித்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கீழேயிருந்து அப்படியே தூக்கி விட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "குடம் தூக்கறான் பாரு" என்பார்கள். சிரிக்கட்டும்! நான் போட்டால் விழும். எனக்கு 'இனாம்தார்' என்று பட்டம் கட்டினார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாத இனாம்தார் நான் ஒருத்தன்தான்.

இனி நெட்டையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், எல்லோரும் அவனை நெட்டையன் என்றுதான் கூப்பிட்டோம். அவனும் ஆம்பூர்க்காரன்தான், ஆனால் காப்டன் வீடு இருந்த தெரு இல்லை. தோல் பதனிடுகிற டேனரிக்குப் பின்னால் குடிசை. அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, ரோமம் கழன்றதும் தூக்கி வெளியே போட வேண்டும். நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நிற்கிற வேலை. அவர் காலைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. புண் ஆறும், மறுபடி திறக்கும். மகனைப் பாதிரியார் துரை ஹாஸ்டலில் சேர்த்து, சட்டை துணி கொடுத்து, சம்பளம் வாங்காமல் படிக்க வைத்தார்.

ஹாஸ்டலில் அவனுக்கும் எனக்கும் ஒரே அறை. அவன் ஓடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் டீம் போட்ட பாயிண்டில் பாதிக்கு மேல் அவன் போட்டதுதான். பாடத்தில்தான் அவன் பாடு பேஜார். இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்துவிட்டான். இந்த வருஷத்தோடு காலேஜ் அவனை அனுப்பிவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா காலும் இனித் தாங்காது. அவர் இடத்துக்கு மகன் வருவான் என்று டேனரி மேஸ்திரி கோடை வரைக்கும் இடம் வைத்திருந்தார்.

அவனுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. பட்டணத்தில் டிரில் மாஸ்டர் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பள்ளிக்கூடம். அங்கேயிருந்து ஒரு துரை வந்து எங்களுக்கும் வெளியூர்க் காலேஜ் ஒன்றுக்கும் நடக்கிற பந்தயத்துக்கு ரெஃப்ரீயாக இருப்பார். ஜெயித்த டீமைப் பட்டணத்துக்கு ஆட அழைத்துப் போவார். அங்கே ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுப்பார்கள். நெட்டையன் ஆட்டத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் ஆள் எடுக்கிறது ரெஃப்ரீ துரை இல்லை, பட்டணத்தில் இருக்கிற பெரிய துரைகள்; அவர்கள் பார்க்க வேண்டுமே! பட்டணம் போக வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் டிரில் மாஸ்டர், தோற்றால் தொட்டி. இதை அவனே ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் சட்டம் மாறியது. இனிமேல் எவன் மேல் ஃபவுல் ஆகிறதோ அவனேதான் கோட்டில் நின்று போட வேண்டும், அவனுக்குப் பதில் வேறு ஆள் போடக்கூடாது. பந்தயத்துக்கு ரொம்ப நாள் முன்னாலேயே பாதிரியார் துரை எங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிட்டார். என் ஜமீன் ஒரே நாளில் போயிற்று. ஓடத் தெரியாதவனுக்கு இனி டீமில் என்ன வேலை? என்னை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அது போகட்டும். ஆனால் என்னைத் தவிர அந்த டீமில் ஒருவனுக்கும் இனாம் போடத் தெரியாது என்பதுதான் என்னை அரித்தது.

காப்டனிடம் சொன்னேன். "அரே தோஸ்த், நின்னு போடற பந்துக்குப் பழக்கம் வேற வேணுமா? ஓடறதப் பழகுனாப் போதும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவனைச் சொல்லிப் புண்ணியம் இல்லை. எல்லோருக்கும் அதே நினைப்புதான். இனாமில் ஜெயித்தால் அது ஒரு ஜெயமா என்ற இளக்காரமும் இருந்தது.

நெட்டையனிடம் கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் உன்னைத்தான் பிடித்துத் தள்ளுவார்கள், உனக்குத்தான் அதிகம் வரும், வா, சாயங்காலம் என்னோடு கொஞ்ச நேரம் நில் என்றேன். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான். 

"இந்தச் சட்டை இனாம்" என்றான். "துன்ற சோறு இனாம். படிப்பும் இனாம். வாங்கி வாங்கி எனக்குக் கை கூசுதுடா. பந்து ஒண்ணையாவது நானா ஓடி, நானா புடுங்கிப் போடறேன். உட்டுடு."

 எனக்குக் கோபம்தான் வந்தது. உன் ரோஷத்தைக் கொண்டுபோய்ப் பாலாற்றில் போடு, அங்கேயும் தண்ணீர் இல்லை, அப்படியே கிடக்கும் என்று கத்தினேன். அவன் சிரித்தான். பிறகும் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டேன். வரவில்லை. அவன் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான், நான் கோட்டில் நின்று எனக்குப் பிரயோஜனம் இல்லாத பந்தைப் போட்டுக்கொண்டிருப்பேன். வேடிக்கையான ஜோடி.

பந்தய நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். டவுன் கடைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நான் ஓரத்தில், தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ மெள்ள மெள்ளக் குந்துவது தெரிந்தது. திரும்பினால் நெட்டையன் அப்பா! காலில் துணி சுற்றியிருந்தார். அந்தக் காலோடு ஆம்பூரிலிருந்து ரயில் ஏறி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மகன் ஆடுவதை அவர் பார்த்ததே இல்லை. "எங்க, எந்தப் பக்கம் நம்ம பக்கம்?" என்று கேட்டார். கை காட்டினேன்.

ஆரம்பத்தில் நெட்டையன் பேய் மாதிரி ஆடினான். எதிராளிகள் திகைத்துப் போய்விட்டார்கள். பிறகு ஒரு தடவை அவனை ஒருவன் இடித்து, அவன் கோட்டில் நின்றான். ஒரு கையால் சுண்டி எறிந்தான். பந்து பலகைக்கு மேலேயே போயிற்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர் டீம் காப்டன் சிரிக்கவில்லை. அவன் தன் ஆட்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான்.

அப்புறம் நடந்தது இதுதான். நெட்டையன் வளையத்துக்குக் கிட்டே போனால் போதும், கையைத் தட்டுவார்கள். ஒரே ஆள் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று, முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தடவை தட்டினார்கள். ஓடி வந்து போட்டால் இரண்டு பாயிண்ட் போட்டுவிடுவான். கோட்டில் நிறுத்தினால் ஒன்றும் வராது. கணக்கு அவர்களுக்குப் புரிந்துவிட்டது. விசில், கோடு, தவறு. விசில், கோடு, தவறு. கூட்டம் சிரிக்கிறதையும் நிறுத்திவிட்டது. அது இன்னும் மோசம்.

நெட்டையன் அப்பா என் கையைத் தொட்டார்.

"தம்பி, மத்தவங்கள உட்டுட்டு நம்ம பையனத்தானே வாட்டி வாட்டி தனியா நிக்க வச்சுப் பந்து குடுக்கறாங்க? நல்லா ஆடறான்னுதானே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் அதில். ஊரே பார்க்க, துரையே கையில் பந்தைக் கொடுக்க, மகன் மட்டும் நடுவில் தனியாக நிற்கிறான். அவருக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன், சொல்லுங்கள்?

ஆட்டம் முடிகிற நேரம். நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். காப்டன் பந்தைத் தூக்கி நெட்டையனிடம் போட, அவன் எகிறினான். இரண்டு பேர் சேர்ந்து அவனைத் தரையில் தள்ளினார்கள். வளையத்தில் போடப் போகிறவனைத் தள்ளினால் ஒன்றுக்கு இரண்டு என்று சட்டம்; ரெஃப்ரீ துரை விசில் ஊதி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பந்து. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் பட்டணம்.

முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அதோடு வந்து கோட்டில் நின்றான். முதல் பந்து வளையத்தின் பக்கத்தில் பட்டு விலகிப் போயிற்று. அப்போதுதான் அவன் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் எழுந்து நின்று, வெட்கத்தை விட்டு, முழங்காலை மடக்கிக் குடம் தூக்குகிற மாதிரி செய்து காட்டினேன். கயிறு, கயிறு மேலே என்று கத்தினேன். அவன் பந்தைத் திருப்பித் திருப்பிக் கயிற்றைத் தேடினான். அது எங்கே இருக்கிறது என்றுகூட அவன் கைக்குத் தெரியவில்லை. பிறகு ஜன்மத்திலேயே முதல் தடவையாக முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் தூக்கி விட்டான்.

நேராகத்தான் போயிற்று. வளையத்தின் முன் விளிம்பில் பட்டு, அவன் காலடிக்கே திரும்பி உருண்டு வந்தது. கடைசிப் பந்து தவறினால் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம், அவனே குனிந்து எடுத்துப் போட்டிருக்கலாம். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எதிராளி ஒருவன் பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓட, கடைசி விசில் ஊதிவிட்டது. காப்டன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"முடிஞ்சுதா? ஜெயிச்சமா?" என்றார் அப்பா.

இல்லைங்க என்று சொல்வதற்குள் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. அவர் எதற்கும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. என் முதுகைத் தடவி விட்டார். மகன் வந்ததும், "நல்லா ஆடுனடா" என்றார். பிறகு, "மேஸ்திரிகிட்ட நான் சொல்லிடறேன், லீவு உட்டதும் வந்துடு" என்று சொல்லிவிட்டு, சாயங்கால வண்டிக்கு நேரமாகிறது என்று காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நெட்டையன் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் போய்விட்டார்கள். வெயில் தாழ்ந்து கோட்டைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. நான் அறைக்குப் போகலாம் என்றேன். அவன் பந்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "கத்துக் குடுடா" என்றான்.

இப்போது எதற்கு என்று என் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கயிற்றை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே விடுவது, பந்தைப் பார்க்காமல் வளையத்தைப் பார்ப்பது எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கோணலாகப் போயிற்று. பிறகு ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விழுந்துகொண்டே இருந்தது. அவன் கை அப்படிப்பட்ட கை. நான் பந்தைப் பொறுக்கிக் கொடுக்க, அவன் போட, வலை இல்லாத வளையத்தில் சத்தமே இல்லாமல் பந்து இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடுவில் பந்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "இது இனாம் மாதிரியே இல்லியேடா. ஃப்ரீன்னா நெஜமா இன்னா அர்த்தம்?"

இங்கிலீஷில் நான் அவனை விடக் கெட்டிக்காரன். இனாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவன் நின்ற கோடு என் கண்ணில் பட்டது. முன்னால் ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை, வளையத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"தடுக்க யாரும் இல்லன்னு அர்த்தம்" என்றேன். "யாரும் கை போட முடியாது. உன் இஷ்டம். விடுதலைன்னு வச்சுக்கயேன்."

அவன் பந்தைக் கீழே வைத்தான்.

"அத மொதல்லயே அப்படிச் சொல்லிருந்தா பழகிருப்பேனேடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

லீவு விட்டதும் அவன் ஆம்பூருக்குப் போய்விட்டான். நான் எப்படியோ பாஸ் பண்ணி, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். ஒரு தடவை வேலூருக்குப் போகிற வழியில் ஆம்பூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அந்த டேனரிக்குப் போனேன். நாற்றத்தில் எனக்கு இழுப்பு வருமோ என்று பயம். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். நெட்டையன் ஒரு தொட்டி ஓரத்தில் நின்று தோல் எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் ஆகியிருந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கினான். இரண்டு கையையும் கீழே விட்டு, சொட்டச் சொட்டத் தோலைத் தூக்கினான். ஒரே வீச்சில் மேலே இருந்த மரத்துண்டில் போட்டான். சரியாகப் போய் விழுந்தது. மறுபடியும் குனிந்தான்.  அது நான் சொல்லிக் கொடுத்த குடம் தூக்கல்தான்.

திரும்பி என்னைப் பார்த்தான். கை இரண்டையும் விரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்று வெளுத்துப் போயிருந்தது.

"இன்னா இனாம்தாரே, பாத்தியா?" என்று சிரித்தான். "இப்ப தெனம் பழகறேன்."

நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் என்னென்னவோ பேசினோம், டீ குடித்தோம். எதுவும் ஞாபகம் இல்லை.

என் பள்ளிக்கூடத்திலும் இப்போது ஒரு வளையம் மாட்டியிருக்கிறோம். பிள்ளைகள் ஓடுவதற்கு முன்னால் கோட்டில் நின்று போட்டாக வேண்டும், அது என் கண்டிப்பு. சிடுமூஞ்சி வாத்தியார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஒருவரும் தடுக்காத நேரம் என்று ஒன்று நம்மைப் போன்றவர்களுக்கு எப்போதாவதுதான் வருகிறது, வரும்போது கை தயாராக இருக்க வேண்டுமே என்ற கவலையில், அந்தக் கோட்டில் யார் வந்து நின்றாலும் இன்றைக்கும் எனக்கு மூச்சு இழுக்கிறது.